பவழத்துக்கு ஜோடி கேட்ட பாட்டி

சுங்கை சிப்புட் மணிக்கடை:
ஓவனில் சுட்டால் இறுகும் பாலிமர் களியில் மணி செய்வது உங்களுக்குத் தெரிந்த வேலை, அதனால் நேரே சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், என் மேசைக்கு ஒரு பாட்டி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்து ஆள், இப்போது டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். முந்தானை முடிச்சில் ஒற்றைப் பவழ மணி. அவர் அம்மா ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது கழுத்தில் கிடந்த சரத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். "இதுக்கு ஒரு ஜோடி செஞ்சு குடு கண்ணு, காதுல போட்டுக்கணும்."

வெறும் சிவப்பு பவழமாகாது. ஆரஞ்சும் துளி வெள்ளையும் சேர்த்து, ஒளி ஊடுருவும் களியும் கலந்தேன். சுட்டால் நிறம் கூடும் என்பதால் கொஞ்சம் வெளிறவே பிசைந்தேன். ஈர உப்புத்தாளில் தேய்த்து ஜீன்ஸ் துணியால் மெருகேற்றினேன்.

மறுவாரம் இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். விளக்குக்கு நேரே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எதும்மா எங்கம்மாவோடது?"

அப்பக்கடை ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, சத்தமாக இன்னொரு தடவை கேட்டார். அவர் கை நடுங்கிற்று. தொட்டுப் பார்த்து, சில்லென்று கனத்த மணியை எடுத்துக் கொடுத்தேன். அதை முடிந்துகொண்டார். காசை வைத்தார், என் மணியைத் தொடாமல் போய்விட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

குளுவாங் அக்கா:
ஓட்டையை வேறு அளவில் போட்டிருந்தால் பாட்டிக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. பழைய நகைக்கு ஜோடி செய்தால் அடையாளம் வைக்க வேண்டும்.

என்னிடம் மாலை வாங்கிய கல்யாணப்பெண் பளபளப்புக்கு நெயில் பாலிஷ் பூசினாள். முகூர்த்தத்தில் மணிகள் பிசுபிசுத்துப் புடவையில் ஒட்டின, பாவம்.

புதிதாகச் செய்கிறவர்கள் கவனியுங்கள். ஓவன் திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. கனத்துக்கு 30 நிமிடம். மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகப் போட்டால் வெளிர் நிறம் கருகாது. இந்தக் களியின் அடிப்படை பி.வி.சி. பிளாஸ்டிக், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும், உடனே ஜன்னலைத் திறங்கள். நம்ம ஊர் வெயிலில் களியைக் காரில் விடவே விடாதீர்கள், பாதி இறுகிவிடும். பாலிஸ்டைரீன் டப்பாவும் வேண்டாம், பச்சைக் களி அதை அரித்துவிடும்.

பீடோர் தங்கச்சி:
அக்கா, 130 எல்லாக் களிக்கும் பொருந்தாது. ஃபீமோ பிராண்டு களியின் பாக்கெட்டில் 110 என்றுதான் இருக்கும். பாட்டி கேட்டதும் ஓட்டையைப் பற்றி இல்லையே! அவர் அம்மாவின் மணி எது என்று அவர் கண்ணுக்கே தெரியாமல் போனது, அதுதான் அவரை உலுக்கியிருக்கிறது. எது நிஜப் பவழம் என்று எலுமிச்சைச் சாறு விட்டுச் சோதிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பவழம் கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்டால் அரிக்கும்.

பாகான் டத்தோ பக்கத்துத் தெலுங்கு அண்ணன் ஒருவர் என்னிடம் கருகமணி கேட்டு வந்தார். மனைவியின் தாலிச்சரத்தில் ஒன்று உடைந்துவிட்டதாம். களியில் செய்ய மனசு வரவில்லை, முடியாது என்றேன். "ஏன் தங்கச்சி, சாமி கோவிச்சுக்குமா?" என்று வாசலிலேயே நின்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நீங்கள் யாராவது தாலிச்சரத்துக்குச் செய்து கொடுத்திருக்கிறீர்களா?