பங்க் ராக்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
பங்க் என்ற அந்த முரட்டு ராக் இசை என்றாலே எல்லாரும் லண்டனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் முதலில் பார்த்தது 2009-ல், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில். சிக்னலில் பஸ் நின்றதும் இரண்டு பையன்கள் ஏறினார்கள். தலைமுடி சேவல் கொண்டை மாதிரி, ஜாக்கெட் முழுக்க ஒட்டுத்துணி. ஒருவன் கையில் உகுலேலே, அதாவது நாலு தந்தி வைத்த குட்டி கிட்டார். இன்னொருவன் கையில், சோடா மூடிகளைத் தட்டையாக்கி ஆணியடித்த கட்டை. அதுதான் டிரம்ஸ்! மூன்று நிமிஷம் கத்திப் பாடிவிட்டு, காலி மிட்டாய் உறையை நீட்டினார்கள். பக்கத்து சீட் அம்மா முகம் மாறாமல் 500 ரூபியா போட்டார்.

எலக்ட்ரிக் கிட்டார் எங்கே என்று ஆபீஸில் கேட்டேன், சிரித்தார்கள். 1997 நடுவில் டாலருக்கு 2,400 ரூபியா அளவில் இருந்தது, அடுத்த ஜனவரியில் 10,000-ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டுச் சாமானை யார் வாங்குவது? 98 மே மாதம் சர்வாதிகார அதிபர் சுகார்த்தோ பதவியிலிருந்து இறங்கிய பிறகு, பயமில்லாமல் பாடவும் முடிந்தது. தெற்கு ஜகார்த்தாவில் மார்ஜினல் என்றொரு குழு. மரத்தில் செதுக்கிய அச்சை டீ-சர்ட்டில் ஒற்றி விற்பார்கள், தெருப்பிள்ளைகளுக்கு உகுலேலே சொல்லிக்கொடுப்பார்கள். போய்ப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

பெர்லின்வாசி:
அண்ணே, இங்கே கதை தலைகீழ். என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் கிழக்கு பெர்லின்காரர். பிரிட்டனையும் தன் ஊரையும் ஒப்பிட்டுச் சொல்வார். 1976-ல் பிரிட்டன் சர்வதேச நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்) கடனுக்கு நின்றது. வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அங்கே பசங்கள் "எதிர்காலமே இல்லை" என்றார்கள். ஆனால் வேலையில்லாதவனுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணத்தில் நாள் முழுக்க ஒத்திகை பார்க்கலாம். அன்றைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியிலோ வேலைக்குப் போகாமல் சுற்றினால் ஜெயில். எந்தத் தொழில், எந்தத் தொழிற்சாலை எல்லாம் முன்னமே எழுதி வைத்தாயிற்று. அதனால் இங்கத்துப் பங்க் பசங்கள் சொன்னது, "எதிர்காலம் ரொம்ப ஜாஸ்தி!" மேடையேற அரசு உரிமம் வேண்டியிருந்தது. அது கிடைக்காதவர்கள் சர்ச்சுக்குள் வாசித்தார்கள். நாமென்லோஸ் குழுவை 1983-ல் பாட்டு வரிகளுக்காகவே உள்ளே தள்ளினார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், இன்றைக்கும்.

பழைய கேசட்:
நான் 2015-ல் நியூயார்க் பவரி தெருவுக்குப் போனேன். 1975-ல் அந்த நகரமே திவாலாகும் நிலை, அங்கே வாடகை மலிவு. ரமோன்ஸ் என்ற பங்க் குழு வாசித்த சிபிஜிபி கிளப் அந்தத் தெருவில்தான் இருந்தது. 2006-ல் மூடிவிட்டார்கள். நான் போனபோது அது துணிக்கடை. சுவரில் பழைய போஸ்டர்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. ஒரு தோல் ஜாக்கெட்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். சத்தம் போடாமல் மாட்டிவிட்டு வெளியே வந்து, எதிரே ஒரு காபி குடித்தேன். அதுவும் விலை ஜாஸ்திதான்.