சால்வேஜ் டைட்டில் உள்ள மோட்டார் சைக்கிள்: புளோரிடாவிலிருந்து டெக்சாஸுக்கு வந்தபின் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: புதிதாகக் குடிவந்தவன்

அனைவருக்கும் வணக்கம். டாம்பாவில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு, வேலை மாற்றலாகிச் சென்ற வாரம்தான் குடும்பத்துடன் பிளேனோவுக்கு வந்திருக்கிறேன். என்னிடம் 2020ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் இன்டர்செப்டர் 650 என்று ஓடுகிற அதே வண்டிதான். அந்தப் பெயர் இங்கே ஹோண்டாவுக்கு உரியது என்பதால் அமெரிக்காவில் ஐஎன்டி 650 என்று விற்கிறார்கள்.

மழையில் சறுக்கி விழுந்த வண்டி அது. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று முடிவு கட்டி, சால்வேஜ் டைட்டிலோடு, அதாவது பெரிதும் சேதமான வண்டி என்று குறிப்பிட்ட உடைமை ஆவணத்தோடு, ஏலத்துக்கு விட்டபோது நான் வாங்கினேன். முன் ஃபோர்க், ஹேண்டில்பார், டேங்க் ஆகியவற்றை மாற்றினேன். எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸ் விரிசல் கண்டிருந்ததால், விபத்தில் சிக்கிய வேறொரு வண்டியின் எஞ்சினை வாங்கிப் பொருத்தினேன். ஓராண்டு காலம் வார இறுதிகளில் நானே உட்கார்ந்து செய்த வேலை. ஆனால் புளோரிடாவில், பழுது பார்த்து மீட்ட வண்டியைச் சரிபார்க்கும் ரீபில்ட் பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்குள் மாற்றல் வந்துவிட்டதால், வண்டி என் பெயரில் ஒருநாள்கூடப் பதிவாகவில்லை. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, இப்போது வீட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறேன்.

பரிசோதனைக்காகப் புளோரிடாவுக்குத் திரும்பிப் போக வேண்டுமா, அல்லது சால்வேஜ் டைட்டிலை வைத்துக்கொண்டு டெக்சாஸிலேயே விண்ணப்பிக்கலாமா? இன்னொன்று: தெரிந்தவர் ஒருவர், வேறொரு மாநிலத்தின் வழியாகக் கொண்டுபோனால் சால்வேஜ் குறிப்பே இல்லாத டைட்டில் கிடைக்கும் என்கிறார். அது சரியான வழிதானா?

பதில் 1: காலின் கவுண்டிக்காரர்

வணக்கம், பிளேனோவுக்கு நல்வரவு. புளோரிடாவுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. வேறு மாநிலத்தின் சால்வேஜ் டைட்டிலை ஏற்று, டெக்சாஸ் தானே ரீபில்ட் சால்வேஜ் என்று குறிப்பிட்ட டைட்டிலை வழங்கும். முதலில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் கையிலுள்ள தாளில் சால்வேஜ் என்றுதான் இருக்க வேண்டும். புளோரிடாவில் அழிப்புச் சான்றிதழ் என்று வேறொன்றும் உண்டு. அது கொடுக்கப்பட்ட வண்டி உதிரிப் பாகங்களுக்கு மட்டுமே உரியது. எவ்வளவு அழகாகப் பழுது பார்த்திருந்தாலும் டெக்சாஸில் அது சாலைக்கு வர முடியாது.

புதிதாகக் குடிவந்தவர் 30 நாட்களுக்குள் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். செல்ல வேண்டிய இடம் உங்கள் கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதியின், வரி அலுவலகம். 130-யு என்ற பொது விண்ணப்பம், உங்கள் பெயருக்கு முறையாக மாற்றி எழுதப்பட்ட சால்வேஜ் டைட்டில், காப்பீட்டுச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றோடு, உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான விடிஆர்-61 என்ற படிவத்தையும் கொடுக்க வேண்டும். பழுது பார்த்த விவரத்தை எழுதிக் கையெழுத்திடும் வாக்குமூலம் அது. எந்த முக்கியப் பாகத்தை மாற்றினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், பாகத்தில் பொறித்திருக்கும் அடையாள எண் என்ன என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். திருட்டு வண்டியைப் பிரித்து விற்ற பாகங்கள் இந்த வழியாகச் சாலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே சட்டம் இதைக் கேட்கிறது. ஆகவே உங்கள் வண்டியில் எல்லோருடைய கண்ணும் போய் நிற்கப்போவது அந்த எஞ்சின் மேல்தான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கும் பழைய எஞ்சின் பொருத்திய வண்டிதான். விற்றவர் கொடுத்த ரசீதில் "பயன்படுத்திய மோட்டார், ஒன்று" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விற்றவரைத் தேடிப் பிடித்து, அந்த வண்டியின் சேசிஸ் எண்ணை எழுதிப் புது ரசீது வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. வண்டி ஓட்டக்கூடிய நிலையில் இருந்தும், ஒரு வரி எழுத்துக்காகக் கொட்டகையில் நின்றது. நீங்கள் இன்றே ரசீதுகளை எடுத்துப் பாருங்கள்.

அப்படியே ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி, ஸ்டீயரிங் கழுத்தில் பொறித்திருக்கும் 17 இலக்க எண்ணைத் துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் செய்த வண்டி என்பதால் அது "எம்" என்ற எழுத்தில் தொடங்கும். டைட்டிலில் இருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சட்டகத்தை மாற்றாமல் விட்டது உங்கள் நல்ல காலம். அதையும் மாற்றியிருந்தால் நடைமுறையே வேறாகிப் போயிருக்கும்.

பதில் 2: வரிக் கணக்குப் பார்ப்பவர்

செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரீபில்ட் சால்வேஜ் கட்டணம் 65 டாலர். டைட்டில் கட்டணம் கவுண்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். மோட்டார் சைக்கிளின் ஆண்டுப் பதிவுக் கட்டணம் 30 டாலர். இவற்றோடு உள்ளூர்க் கட்டணங்கள் சிறிது சேரும்.

வரியில்தான் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் குடிவருபவர் 90 டாலர் கட்டினால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே அவர் பெயரிலேயே பதிவான வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் வண்டி பதிவாகவே இல்லை என்கிறீர்கள், எனவே 6.25 விழுக்காடு வரி வரும் என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஆனால் வாங்கும்போது புளோரிடாவில் விற்பனை வரி கட்டியிருந்தால், அதைக் கழித்துக்கொள்ள இடமுண்டு. அங்கே மாநில வரி 6 விழுக்காடு என்பதால் மீதி மிகச் சிறிய தொகையாகவே இருக்கும். ஏல நிறுவனத்தின் விலைச்சீட்டில் வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கழிவு கேட்க வழியில்லை.

காப்பீட்டில் சட்டம் கேட்கும் மிகக் குறைந்த அளவு, ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு 60,000, பொருட்சேதத்துக்கு 25,000. ரீபில்ட் வண்டிக்கு இந்தப் பொறுப்புக் காப்பீடு கிடைத்துவிடும். நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டைச் சில நிறுவனங்கள் தருவதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பதில் 3: பழைய மெக்கானிக்

குறிப்பில்லாத டைட்டில் வாங்கித் தருவதாகச் சொல்பவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நாடு முழுவதற்குமான வாகன டைட்டில் தகவல் அமைப்பு ஒன்று, 1992ஆம் ஆண்டின் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின் வழியாக ஏற்பட்டது. காப்பீட்டு நிறுவனங்களும் சால்வேஜ் கிடங்குகளும் 2009 முதல் தங்கள் கைக்கு வந்த வண்டிகளை அதில் தெரிவித்தே ஆக வேண்டும். உங்கள் வண்டியின் எண் அங்கே ஏற்கெனவே ஏறியிருக்கும். டெக்சாஸில் டைட்டில் ஆவணத்தில் பொய் எழுதுவது மூன்றாம் நிலைக் கடுங்குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை உங்களிடமிருந்து அந்த வண்டியை வாங்கப்போகிற ஒரு பையனுக்கு, அது ஒருமுறை விழுந்த வண்டி என்று தெரிந்திருக்க வேண்டும்.

டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல், வணிகம் சாராத வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புப் பரிசோதனை இல்லை. புகைப் பரிசோதனை காலின் கவுண்டியில் தொடர்ந்தாலும், மோட்டார் சைக்கிளுக்கு அது கிடையாது. அதாவது நீங்கள் பொருத்திய ஃபோர்க்கை உங்களைத் தவிர வேறு யாரும் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். நடுவில் எங்காவது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால், விழுந்த வேகத்தில் ஸ்டீயரிங் பேரிங் அடிவாங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு வண்டியைக் கிளப்பி, வீட்டு முன்வழியிலேயே சிறிது தூரம் நகர்த்திப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு அணைய வேண்டும். அணையாமல் நின்றால் சக்கரத்தருகே உள்ள சென்சாரையோ அதன் கம்பியையோ பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைட்டிலில் சால்வேஜ் என்றுதான் இருக்கிறது. கழுத்திலுள்ள எண்ணும் பொருந்துகிறது. எஞ்சின் ரசீதில் விற்ற கடையின் பெயரும் எஞ்சின் எண்ணும் உள்ளன. எடுத்த வண்டியின் சேசிஸ் எண் இல்லை. கடைக்காரருக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். வேறு மாநில வழி என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தபோது நடுவில் இலேசாகத் தட்டுகிறது, ஐயா. பேரிங் வாங்கப் பணம் கட்டிவிட்டேன்.

பதில்: காலின் கவுண்டிக்காரர்

பேரிங் மாற்றியதையும் விடிஆர்-61இல் பழுது விவரத்தின்கீழ் எழுதி, அதன் ரசீதையும் சேர்த்து வையுங்கள். கடைக்காரர் எண்ணை அனுப்பியதும், அதை நீங்கள் பழைய ரசீதின் ஓரத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். அவரிடமே தேதியும் கையெழுத்தும் போட்ட புது ரசீதாக வாங்கிக்கொள்ளுங்கள்.