கூட்டுத் தொடர்வரிசை வார்த்தைக் கணக்குகள்: இரண்டு விடைகளும் பொருந்தும் கணக்குகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டுத் தொடர்வரிசையில், அதாவது ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட ஒரே அளவு கூடியோ குறைந்தோ வரும் எண் வரிசையில், முதல் உறுப்பும் பொது வித்தியாசமும் (அந்த ஒரே அளவு) நேரடியாகத் தரப்பட்டால் தயங்காமல் விடை காணும் அவர்கள், அதே செய்தி வாக்கியங்களாக வரும்போது, கேட்கப்படுவது ஓர் உறுப்பா, உறுப்புகளின் கூடுதலா என்பதிலேயே தடுமாறுகிறார்கள். வரிசையின் முதல் 3 உறுப்புகளை எழுதிப் பார்த்த பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும் என்று பழக்கியதில், இந்தத் தடுமாற்றம் பெருமளவு குறைந்திருக்கிறது.

எனக்கு உதவி தேவைப்படுவது அடுத்த படியில்தான். அடி வரிசையில் 15 குழாய்களும், அதற்கு மேல் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைவாகவும் அடுக்கினால், 105 குழாய்களுக்கு எத்தனை வரிசைகள் தேவை என்ற கணக்கில், இருபடிச் சமன்பாடு 10, 21 என இரண்டு விடைகளைத் தருகிறது. இருபத்தோராவது வரிசையில் −5 குழாய்கள் இருக்க வேண்டியிருப்பதால் 21 பொருந்தாது. ஆனால் மாணவர்களோ, பெரிய எண்ணை நீக்குவதே விதி என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

காலியான ஒரு தொட்டியில் முதல் மணி நேரத்தில் 15 லிட்டர் நீர் சேர்ந்து, பிறகு மணிக்கு ஒரு லிட்டர் வீதம் அந்த அளவு குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்துக்குப் பின் நீர் வெளியேறத் தொடங்கினால், 105 லிட்டர் இருப்பு 10, 21 ஆகிய இரு மணி நேர முடிவுகளிலும் சரியே. இதுபோல இரு விடைகளும் பொருந்தக்கூடிய, சூழல் இயல்பாக அமைந்த கணக்குகள் உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். பொது வித்தியாசம் பின்னமாக வருபவை கூடுதலாகப் பயன்படும்.