'தி ரெக்கனிங்' முடிவு: டேனியல் திரும்பி வந்தது உங்களுக்குச் சரியாகப் பட்டதா?

கேள்வி: திண்ணைவாசகி

அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி லூயிஸ் எழுதிய லான்காஸ்டர் கவுண்டி (பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மாவட்டம்) வரிசையில் மூன்று நாவல்களையும் பத்து நாளில் முடித்துவிட்டேன். கடைசியான 'தி ரெக்கனிங்' நேற்று ராத்திரிதான் முடிந்தது. மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கதாநாயகி கேட்டி பரணில் பழைய பெட்டியைத் திறந்து அந்தச் சின்னஞ்சிறு பட்டுச் சட்டையை எடுக்கிற இடத்திலேயே நான் கதைக்குள் போய்விட்டேன். ஆமிஷ் வீட்டில் (மின்சாரம், ஆடம்பரம் எல்லாம் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவு) பளபளப்பான துணி எப்படி வந்தது என்று அவள் விரலால் தடவிப் பார்க்கிறாள், அங்கேயே அவள் வாழ்க்கை இரண்டாகிவிடுகிறது. பிஷப் ஜானோடு நடக்கவிருந்த கல்யாணத்தை விட்டு வருகிறாள், கிடாரையும் பாட்டையும் விடமாட்டேன் என்கிறாள், சபை அவளை விலக்கி வைக்கிறது. கடைசி நாவலில், அவளைக் குழந்தையிலேயே வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பெற்ற தாயின் மாளிகை, மின்விளக்கு, நல்ல உடை, ஜஸ்டின் என்கிற பணக்கார மாப்பிள்ளை எல்லாம் இருக்கும்போது, கடலில் மூழ்கிவிட்டான் என்று அஞ்சு வருஷம் நம்பிய பழைய காதலன் டேனியல் உயிரோடு வந்து நிற்கிறான். அவளும் அவனையே ஏற்றுக்கொள்கிறாள்.

எனக்கு இதுதான் ஒப்பவில்லை. உண்மையைச் சொல்லி நின்றவளுக்கு ஊர்விலக்கு. செத்துவிட்டான் என்று எல்லோரையும் அழவிட்டவனுக்குக் காதலி கிடைக்கிறாள். அப்புறம் இன்னொன்று, நிஜத்திலும் ஆமிஷ் சபை இவ்வளவு கடுமையா? வளர்த்த அம்மாவே மகளுக்குத் தனி மேசை போடுவாரா?

பதில்: பழம்புத்தகம்

ஆமாம், தனி மேசை நிஜம்தான். விலக்கப்பட்டவர் கையிலிருந்து நேராக எதையும் வாங்கமாட்டார்கள்; அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டால் மற்றவர் எடுத்துக்கொள்வார். பேசவே கூடாது என்பதில்லை, சேர்ந்து சாப்பிடுவதும் கொடுக்கல் வாங்கலும்தான் முக்கியமாகத் தடைபடும். சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு, லான்காஸ்டர் பக்கம் கொஞ்சம் கண்டிப்பு அதிகம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆமிஷ் வீட்டில் பிறந்ததாலேயே யாரையும் விலக்கமாட்டார்கள். வளர்ந்த பிறகு தானே விரும்பி ஞானஸ்நானம் எடுத்து, சபைக்கு முன் மண்டியிட்டு வாக்குக் கொடுத்தவர்களுக்குத்தான் விலக்கு. ஞானஸ்நானம் எடுக்காமல் போய்விட்ட பிள்ளை வீட்டுக்கு வந்தால் பந்தியில் எல்லோரோடும் உட்காரலாம். கேட்டி வாக்குக் கொடுத்தவள், அதனால்தான் அவளுக்கு இந்தக் கதி.

ஆமிஷ் என்று ஒரு பிரிவு உண்டானதே பெரும்பாலும் இந்த விலக்கு பற்றிய சண்டையில்தான். 1693-ல் ஜேக்கப் அம்மான் என்கிற சபைத் தலைவர், சபையிலிருந்து நீக்கப்பட்டவர்களோடு பழக்கவழக்கத்தையும் நிறுத்த வேண்டும் என்று பிடிவாதமாக நிற்க, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாமல் சபை பிளந்தது. அம்மான் பக்கத்தார் ஆதாரமாகப் பிடித்துக்கொண்ட 1632 டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையிலும் விலக்கு இருக்கிறது, ஆனால் அதே பிரிவில், விலக்கப்பட்டவர் பசியிலோ நோயிலோ இருந்தால் உதவுவது கடமை என்றும் இருக்கிறது. அந்தப் பாதி கேட்டிக்குக் கிடைக்காமல் போனதுதான் எனக்கு இந்த மூன்று நாவல்களிலும் பெரிய வலி.

பதில்: சாயங்காலமழை

தோழி, நீங்கள் டேனியலைத் தராசில் வைத்துப் பார்க்கிறீர்கள், எனக்கு இந்தக் கதையே கேட்டியை வளர்த்த அம்மா ரெபேக்காவுடையது. பிள்ளை இறந்து பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் தன் குழந்தையைக் கொடுக்க, வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். அந்தச் சட்டையை எரித்திருக்கலாம். எரிக்காமல் பரணில் வைத்திருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கண்ணீர் வந்தது. பெற்றவளுடைய பொருளை அழிக்க அவருக்குக் கை வரவில்லை.

அதனால் கடைசி நாவலில் கேட்டி யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதைவிட, வளர்த்தவளுக்கும் பெற்றவளுக்கும் நடுவில் தான் யார் என்று அவளுக்குத் தெரிந்ததா என்பதுதான் என் கேள்வி. மாளிகையில் அவளைக் கேத்தரின் என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் டேனியலுக்கு அவள் கேட்டிதான். பழைய ஊரையும் அந்தப் பாட்டையும் தெரிந்த ஒரே ஆள் அவன். ஜஸ்டினிடம் அவள் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். அந்த அஞ்சு வருஷப் பொய்யை நானும் மன்னிக்கவில்லை, ஆனால் அவள் ஏன் மன்னித்தாள் என்று புரிகிறது.

பதில்: மலைப்பாதை

ஒரு சின்னத் தகவல். எழுத்தாளரின் தாய்வழிப் பாட்டி கண்டிப்பான பழைய மென்னோனைட் (ஆமிஷுக்கு நெருங்கிய கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தை விட்டு வெளியே வந்தவர், அந்த வாழ்க்கைதான் இந்த வரிசைக்கு விதை. மூன்று நாவல்களும் 1997, 1998-க்குள் வந்துவிட்டன. ஹால்மார்க் என்கிற அமெரிக்க டிவி சேனல் படமாகவும் எடுத்தது, முதல் படம் 2011-ல், கடைசி 2015-ல். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகாதீர்கள், தனி மேசைக் காட்சியில் இருக்கும் மௌனம் புத்தகத்தில்தான் முழுசாகக் கிடைக்கும்.

திண்ணைவாசகி (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. சாயங்காலமழை சொன்னதைப் படித்துவிட்டுப் பரண் காட்சியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை நான் கேட்டியோடு மட்டும் நின்றிருந்தேன், ரெபேக்கா கீழே எந்த வேலையில் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. டேனியல் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த 1632 அறிக்கை பற்றிப் பழம்புத்தகம் இன்னும் கொஞ்சம் எழுதுங்கள், பசியில் உதவலாம் என்றால் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்பதை அவர்கள் எப்படிப் பொருத்திக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.