சிற்றூர்ச் சமூகக் கூடத்தின் மரபு மதிப்பு: ஒரு மறுபார்வை

கட்டடக்கலைச் சிறப்பு ஏதுமில்லாத சிற்றூர்ச் சமூகக் கூடத்தை மரபுக் கட்டடமாகக் கருதலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அழகோ பழமையோ இல்லாதபோது எதைக் காப்பது என்பதே பெரும்பாலோரின் மறுகேள்வியாக இருந்தது. அதற்கான விடை இப்போது எனக்குத் தெளிவாகியிருக்கிறது.

மாபெரும் கலைப்படைப்புகளுக்கு மட்டுமன்றி, காலப்போக்கில் பண்பாட்டு முக்கியத்துவம் பெற்ற எளிய கட்டடங்களுக்கும் மரபுத் தகுதி உண்டு என்று மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் முதல் பிரிவிலேயே கூறுகிறது. 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான மரபுப் பாதுகாப்பு நெறிமுறையான பர்ரா சாசனமோ அழகியல், வரலாற்று, அறிவியல் மதிப்புகளோடு சமூக மதிப்பையும் இணையாக வைக்கிறது. திருமணமும் இரங்கல் கூட்டமும் வாக்குப்பதிவும் ஒரே கூரையின்கீழ் நடந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, மேடைக்கு முன்னால் பல தலைமுறைக் கால்கள் பட்டுத் தேய்ந்த தரைப்பலகையும், பின்னாளில் ஒட்டுப்போட்டதுபோல் சேர்க்கப்பட்ட சமையலறையும் குறைகள் அல்ல, சான்றுகள். பல காலகட்டங்களின் பங்களிப்பை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது சீரமைப்பின் நோக்கமன்று என வெனிஸ் சாசனமும் வலியுறுத்துகிறது.

பூட்டிவைத்துக் காப்பதை நான் ஏற்கவில்லை. பயன்பாடு நின்றால் சமூக மதிப்பும் மங்கும். சாய்தளம், கழிப்பறை போன்ற தேவையான மாற்றங்களைச் செய்யலாம். ஆனால் பலகையைப் பெயர்ப்பதற்கு முன், கூடத்தைப் பயன்படுத்திய முதியோரின் நினைவுகளையும் கட்டடத்தின் இப்போதைய நிலையையும் பதிவு செய்துவிட வேண்டும்.