அம்மா தூங்குவது கடலாலா, நடையாலா?

சேலத்துக்காரன்:
அப்பா போனபிறகு அம்மாவைச் சேலத்திலிருந்து பெசன்ட் நகருக்குக் கூட்டி வந்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து சமையல்கட்டில் பாத்திரம் அடுக்குவார். மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போகிறோம். சுண்டல் பொட்டலத்தோடு மணலில் உட்கார்ந்து அலையையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது விடியும்வரை தூங்குகிறார். "காலாற நடந்தால் எந்தத் தெருவிலும் தூக்கம் வரும்" என்கிறாள் மனைவி. கடலுக்குப் பங்கே இல்லையா?

காற்றாடி:
உண்டு என்றுதான் தோன்றுகிறது. இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கரையோரம் வசிப்பவர்கள் "உடம்பு நன்றாக இருக்கிறது" என்று சற்றுக் கூடுதலாகவே சொல்லியிருந்தார்கள், அதிலும் ஏழ்மையான பகுதிகளில். ஆனால் வித்தியாசம் சிறியது, அது நம் ஊர் வெயிலும் இல்லை. இங்கே கடற்காற்றே பெரிய விஷயம். தரை சூடாகி மேலே எழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும் நாளில் அது தாமதமாகும், அன்றைக்கு ஊரே வேகும். ஒருநாள் பூங்காவுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்களேன்.

நாகை மீனவன் மகள்:
கடல் எல்லாருக்கும் மருந்து என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் எங்கள் அம்மா ஏழெட்டு வருஷம் கரைப்பக்கமே வரவில்லை. சுனாமிக்குப் பின் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீட்டில் அலைச் சத்தம் கேட்காது. அம்மாவுக்கு அதுதான் நிம்மதி. அப்பாவுக்கோ அதனாலேயே தூக்கம் கெட்டது. அவருக்கு விசைப்படகுத் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்கூட விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரே வீடு, ஒரே கடல்தான். அப்புறம் அண்ணா, உங்கள் அம்மாவைத் தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். இழுப்பு கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

சேலத்துக்காரன்:
நன்றி தங்கச்சி, இனி கவனமாக இருக்கிறேன். நேற்று பூங்காவில் நான்கு சுற்று நடந்தோம், கடற்கரையில் நடப்பதைவிட அதிகம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி கேட்டார். ராத்திரி மறுபடியும் பாத்திரச் சத்தம். ஒருநாள் கணக்கு ஆராய்ச்சி ஆகாது என்று மனைவி சொல்கிறாள், சரிதான். இன்றைக்கு ஐந்து மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார் அம்மா. கிளம்புகிறேன்.