வயிற்று வலிக்கு உளவியலாளரிடம் போகச் சொல்கிறார்கள், போகலாமா?

காலி வீதிப் பயணி:
எனக்கு வயது 29. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100 பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடமாகக் காலையில் வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. வீட்டிலேயே மூன்று தரம் கக்கூசுக்குப் போய்விட்டு வெளிக்கிட்டாலும் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் திரும்ப முட்டும். இரத்தம், கொலனோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஐ.பி.எஸ். என்கிறார் டொக்டர், சோதனையில் ஒன்றும் தெரியாமலே குடல் அடிக்கடி குழம்பி வலிக்கும் நிலையாம். மாத்திரை ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. போன கிழமை சனல் பண்ணிக் காட்டினபோது, உளவியலாளரிடம் சி.பி.டி. செய்யச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையாம். அம்மா, "உனக்கென்ன விசரா?" என்று அழுகிறார். வலி வயிற்றில் இருக்க, பேசினால் எப்படிக் குறையும்? யாராவது போயிருக்கிறீர்களா?

தெஹிவளை அக்கா:
தம்பி, நான் போனேன், எட்டுத் தரம். உங்கள் அம்மா கேட்டதையே என் மாமியும் கேட்டார். வலி உண்மை. குடலுக்கென்றே ஒரு நரம்பு வலை இருக்கிறது, அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத வாயுவும் அசைவும் எங்களுக்கு வலியாகப் படுகிறது. பயந்தால் குடல் இன்னும் குழம்பும், குடல் குழம்பினால் பயம் கூடும். சி.பி.டி. அந்தச் சுற்றில்தான் கை வைக்கிறது.

சும்மா பேச்சுத்தான் என்று நினைத்துப் போனேன். முதல் நாளே கொப்பி வாங்கச் சொன்னார். வலி வந்த நேரம், பத்துக்கு எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தேன், மனதில் என்ன ஓடியது, எல்லாம் எழுத வேண்டும். அதற்கு முன் பருப்பையும் பாணையும் குற்றம் சொல்லி, மாதக்கணக்காகக் காலைச் சாப்பாட்டையே விட்டிருந்தேன். பத்து நாள் எழுதிப் பார்த்தால், அநேகமாக எல்லா நாளும் 6.40. கேற்றைப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போடும் நேரம். பக்கத்தில் என் கையெழுத்தில், "பஸ்ஸில் வந்துவிட்டால்?"

தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை எந்தக் கடையில் கக்கூஸ் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். பஸ்ஸில் கதவுப் பக்கத்து சீட், பையில் எப்போதும் ஒரு மாற்றுடுப்பு. இவற்றை ஒவ்வொன்றாக விட வைத்தார். முதல் கிழமை இவை இல்லாமல் பஸ்ஸில் இரண்டு ஹோல்ட் மட்டும் போனேன். மூன்றாம் கிழமை வெள்ளவத்தைச் சந்தையடியில் முட்டியது, இறங்கவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்து, வயிறு உப்ப மூச்சை இழுத்து மெதுவாக விட்டேன். மற்றக் கை வியர்த்து, பிடித்த கம்பி வழுக்கியது. பம்பலப்பிட்டி வரும்போது முட்டல் தானாகவே தணிந்தது. அது தணியக்கூடியது என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதும் கிழமைக்கு ஒரு நாள் வரும். ஆனால் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

வார்ட் தாதி:
அக்கா சொன்னது சரி. மருந்து எடுத்து 12 மாதமாகியும் பலன் இல்லாவிட்டால் உளவியல் சிகிச்சையை யோசிக்கலாம் என்று இங்கிலாந்தில் டொக்டர்மாருக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஐ.பி.எஸ். உள்ள 558 பேர் இருந்தார்கள். போனிலோ இணையத்திலோ சி.பி.டி. செய்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட ஒரு வருடத்துக்குப் பிறகும் தொந்தரவு குறைவாக இருந்தது. மான்செஸ்டரில் 1984இலேயே ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு ஹிப்னாசிஸ், அதாவது மனோவசியச் சிகிச்சை, கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம் தம்பி. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், இவற்றில் ஒன்று வந்தாலும் ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் திரும்ப டொக்டரிடம் காட்டுங்கள்.

காலி வீதிப் பயணி:
நன்றி அக்கா. 6.40 என்பதை வாசித்தபோது எனக்குள் என்னவோ செய்தது, எனக்கும் சப்பாத்துப் போடும்போதுதான் தொடங்குகிறது. காசு எவ்வளவு வரும்? தமிழில் பேசுவார்களா?

தெஹிவளை அக்கா:
காசு ஆளுக்கு ஆள் வித்தியாசம், புக் பண்ணும்போதே கேளுங்கள். கஷ்டமென்றால் டொக்டரிடம் கடிதம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள், அங்கே இலவசம். தமிழ் கட்டாயம் தேவை என்று சொல்லுங்கள். நான் முதலில் போனவருக்குத் தமிழ் தெரியாது, "முட்டுது" என்பதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த முடியாமல் கண் கலங்கி எழும்பி வந்தேன். இரண்டாமவரிடம் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அம்மாவையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள், அவரே நேரில் கேட்கட்டும். கொப்பியை இன்றைக்கே தொடங்குங்கள் தம்பி, சப்பாத்துப் போடும் நேரத்திலிருந்து.